தலைமுடிக்கு மாத்திரை, ரத்தத்தில் பற்றாக்குறை

ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பு என்று எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்கின்றன. ஆனால் கண்ணாடியில் தன் வகிடு வருடத்துக்கு வருடம் அகலமாகிக்கொண்டே போவதைப் பார்க்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது. அவள் மருத்துவரிடம் போகிறாள். ஹார்மோன் மாத்திரை எழுதித் தருகிறார்கள். சில மாதங்களில் முடி கொட்டுவது குறைகிறது. ஆனால் காரணமே இல்லாமல் மனசு படபடக்கிறது, எதற்கெடுத்தாலும் பயம். முடி போய்விடுமோ என்ற கவலையால் வந்த பதற்றம் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள்.

ஆனால் பதற்றத்துக்குக் காரணம் கவலை அல்ல, அந்த மாத்திரை குறைத்துவிட்ட ஒரு வைட்டமின் என்றால்?

1990-ம் ஆண்டு பிரிட்டனைச் சேர்ந்த ராம்சே, ரஷ்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட இதைத்தான் ஒரு தோல் மருத்துவ இதழில் எழுதினார்கள். முடி உதிர்வுக்காக ஹார்மோன் சிகிச்சை எடுத்த பெண்களின் ரத்தத்தில் வைட்டமின் பி12 குறைகிறது என்பது அவர்கள் கண்டது. பெரிய பத்திரிகைகளில் வந்த செய்தி அல்ல. முடி உதிர்வு மருத்துவத்துக்கு வெளியே இதை அறிந்தவர்கள் இன்றைக்கும் குறைவு. ஆனால் இந்தச் சின்னக் கட்டுரைக்குப் பின்னால் ஒரு நீளமான கதை இருக்கிறது. முடியும் கருத்தடை மாத்திரையும் எப்படி ஒரே சீட்டில் எழுதப்பட்டன என்பதில் அது தொடங்குகிறது.

வழுக்கைக்கும் ஆண் ஹார்மோனுக்கும் என்ன உறவு?

காயடிக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழாது என்று ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்கக் குறிப்புகளிலேயே இருக்கிறது. அரிஸ்டாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், பெண்களுக்கும் வழுக்கை விழாது என்று எழுதிவிட்டார்! இந்தத் தவறான நம்பிக்கை எத்தனை நூற்றாண்டுகள் பெண்களின் முடி உதிர்வை யாரும் கண்டுகொள்ளாமல் வைத்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இதை ஆய்வாக நிரூபித்தவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர். பருவ வயதுக்கு முன்பே விந்தகங்களை இழந்தவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால், குடும்பத்தில் வழுக்கை இருப்பவர்களுக்கு மட்டும் முடி போகிறது. 1942-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான். ஆக, ஹார்மோன் மட்டும் போதாது, பரம்பரையும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மயிர்க்கால் சுருங்கி, தடித்த முடி மெல்லிய பூனைமுடியாக மாறுகிறது.

பெண்களின் கதை இன்னும் தாமதமாகத்தான் தொடங்கியது. ஜெர்மனியைச் சேர்ந்த எரிக் லுட்விக் என்ற தோல் மருத்துவர் 1977-ல்தான் பெண்களின் முடி உதிர்வை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். ஆண்களுக்கு நெற்றி ஏறும், உச்சியில் சொட்டை விழும். பெண்களுக்கு அப்படி அல்ல. முன்நெற்றி ஓரத்து முடி அப்படியே இருக்கும். உச்சியில் பரவலாக அடர்த்தி குறைந்து வகிடு அகலமாகும். ஹாமில்டனுக்கும் லுட்விக்குக்கும் நடுவே 35 வருட இடைவெளி. பெண்களின் முடி இரண்டாம் பட்சமாகத்தான் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பெர்லினில் ஒரு விபத்து

ஆண் ஹார்மோன்தான் காரணம் என்றால் அதைத் தடுக்கும் மருந்து வேண்டும். அந்த மருந்து கிடைத்தது தேடிக் கிடைத்ததல்ல.

1961-ல் பெர்லின் நகரத்து ஷெரிங் நிறுவனத்தில் ருடால்ஃப் வீஹெர்ட் என்ற வேதியியலாளர் சைப்ரோட்டிரோன் அசிட்டேட் என்ற பொருளைத் தயாரித்தார். புரோஜெஸ்டிரோன் போலக் கருவைத் தாங்கி நிறுத்தும் பலமான மருந்து ஒன்றைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். இப்படிப்பட்ட மருந்துகளில் சில, வயிற்றில் இருக்கும் பெண் சிசுவுக்கு ஆண் தன்மையைக் கொடுத்துவிடும் என்ற பயம் அப்போது இருந்தது. அதனால் கர்ப்பிணி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நடந்தது நேர் எதிர்! பிறந்த ஆண் குட்டிகள் பெண் குட்டிகளின் தோற்றத்தோடு இருந்தன. மருந்து ஆண் ஹார்மோனின் வேலையை வழிமறித்துவிட்டது. ஃபிரீட்முண்ட் நாய்மனும் அவருடைய சகாக்களும் 1963-ல் இதை வெளியிட்டார்கள்.

சில வருடங்களில் இந்த மருந்து பெண்களிடம் வந்து சேர்ந்தது. முகத்தில் தாடி மீசை போல முடி வளர்வது, அடங்காத முகப்பரு, தலைமுடி உதிர்வு என்ற மூன்றுக்கும் பின்னால் ஒரே ஹார்மோன் இருப்பதால் ஒரே மருந்தை மூன்றுக்கும் கொடுக்கலாம் அல்லவா? பெர்லினில் யூர்கன் ஹாமர்ஸ்டைன் என்ற மகப்பேறு மருத்துவர் 1969 முதல் இதைப் பற்றி எழுதத் தொடங்கினார். ஆண்ட்ரோகூர் என்ற பெயரில் 1973-ல் இது விற்பனைக்கு வந்தது.

இங்கேதான் கதையின் முக்கியமான திருப்பம். அந்த எலிக் குட்டிகளை மறந்துவிட வேண்டாம். இந்த மருந்தைச் சாப்பிடும் பெண் கர்ப்பமானால், வயிற்றில் இருக்கும் ஆண் சிசுவுக்கு ஆபத்து. எனவே மருந்து கொடுக்கும்போது கருத்தரிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தவிர, இதைத் தனியாகக் கொடுத்தால் மாதவிடாய் ஒழுங்கு தவறிப்போகிறது. இரண்டுக்கும் ஒரே வழி, எத்தினைல் ஈஸ்ட்ரடயால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைச் சேர்த்துக் கொடுப்பது. ஹாமர்ஸ்டைன் முறையில் மாதவிடாய்ச் சுழற்சியின் 5-ம் நாள் முதல் 14-ம் நாள் வரை சைப்ரோட்டிரோன், 5-ம் நாள் முதல் 25-ம் நாள் வரை ஈஸ்ட்ரோஜன். சைப்ரோட்டிரோன் உடம்புக் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறும் என்பதால் அதை முதல் பாதியிலேயே முடித்துவிடுவார்கள். பிறகு 1978-ல் இரண்டையும் ஒரே மாத்திரையில் அடக்கி டயான் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். அதில் 2 மில்லிகிராம் சைப்ரோட்டிரோன், 50 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன். பிற்பாடு ஈஸ்ட்ரோஜனை 35 மைக்ரோகிராமாகக் குறைத்ததால் அது டயான்-35 ஆனது. அந்த 35 எதைக் குறிக்கிறது என்று பலருக்கும் தெரியாது. அது இதுதான்.

ஆக, முடிக்காக வந்த பெண் தனக்கே தெரியாமல் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணாகவும் ஆகிவிட்டாள். கருத்தடை மாத்திரை ஒரு பெண்ணின் சத்துக்களை என்ன செய்யுமோ, அதெல்லாம் இவளுக்கும் பொருந்தும்.

மாத்திரையும் வைட்டமின்களும்

அது என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு 1970-களின் தொடக்கத்திலேயே ஓரளவு பதில் கிடைத்துவிட்டது. கிடைத்தது வேறு துறையில் என்பதுதான் சிக்கல்.

முதலில் ஃபோலிக் அமிலம். இதன் வரலாறு நம் நாட்டில் தொடங்குகிறது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களுக்கு வரும் ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்தார். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற ஈஸ்ட் பசையில் அதைக் குணப்படுத்தும் ஏதோ ஒன்று இருப்பதை 1931-ல் எழுதினார். அந்த ஏதோ ஒன்றுதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. பஞ்சாலைத் தொழிலாளியின் ரத்தத்தில் தொடங்கிய அந்தத் தேடலின் தொடர்ச்சியாக, 1968-ல் ஒரு கனடா ஆய்வாளர் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் ஃபோலேட் அளவு குறைவதாக எழுதினார். 1972-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு பி12 அளவும் குறைகிறதாம்.

அடுத்தது பி6. 1973-ல் லண்டனைச் சேர்ந்த ஒரு குழு, கருத்தடை மாத்திரையால் மனச்சோர்வு வந்ததாகக் கருதப்பட்ட 22 பெண்களைப் பரிசோதித்தது. அவர்களில் 11 பேருக்கு பி6 உண்மையாகவே பற்றாக்குறை. அந்த 11 பேருக்கு பி6 கொடுத்தபோது மனச்சோர்வு தெளிந்தது. மற்ற 11 பேருக்கு அப்படிப் பலன் இல்லை. இந்த ஆய்வு சின்னதுதான். ஆனால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. எல்லாப் பெண்களின் மனச்சோர்வுக்கும் வைட்டமின்தான் காரணம் என்று சொல்லவில்லை; எல்லாம் மனப்பிரமை என்றும் சொல்லவில்லை. பாதிப்பேருக்கு ரத்தத்தில் காரணம் இருந்தது, பாதிப்பேருக்கு இல்லை.

இவ்வளவும் 1973-க்குள் அச்சில் வந்துவிட்டது. டயான் வந்தது 1978-ல். முடி உதிர்வுக்காக இந்தச் சிகிச்சையை எடுத்த பெண்களின் பி12 அளவை எழுதிய அந்தக் கட்டுரை வந்தது 1990-ல்! கருத்தடை ஆராய்ச்சி ஒரு இதழில், முடி ஆராய்ச்சி இன்னொரு இதழில். ஒரே மாத்திரை, ஒரே பெண், ஆனால் படிப்பவர்கள் வேறு வேறு. இதில் யாருடைய சதியும் இல்லை. துறைகள் அப்படித்தான் பிரிந்து கிடந்தன. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது மாத்திரை சாப்பிட்டவர்கள்.

1990-ம் 1992-ம்

ராம்சேயும் ரஷ்டனும் பார்த்தது கருத்தடைக்காக அல்லாமல் முடிக்காகவே சைப்ரோட்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் எடுத்த பெண்களை. அவர்களிடம் பி12 கணிசமாகக் குறைந்திருந்தது. அந்தக் குறைவோடு சேர்ந்து வந்த மனப்பதற்றத்தால் சிலர் சிகிச்சையையே நிறுத்திவிட்டார்கள். தினமும் 200 மைக்ரோகிராம் பி12 சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் அளவு சரியானது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படும் பி12 வெறும் 2.4 மைக்ரோகிராம்தான். பிறகு எதற்கு 200? வாய்வழியாகச் சாப்பிடும் பி12-ல் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராமைத்தான் குடல் வழக்கமான வழியில் உறிஞ்சும். அதற்கு மேல் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு போலத்தான் கசிந்து உள்ளே போகும். அதனால்தான் இவ்வளவு பெரிய அளவு.

பெண்கள் இதை எப்படி அனுபவித்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். மாத்திரை முடிக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆனால் பதற்றம் தாங்காமல் நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் காப்பாற்றிய முடியும் மறுபடி போகத் தொடங்கும். ஒரு சாதாரண வைட்டமின் மாத்திரை இருந்தால் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே சிலருக்கு வந்திருக்காது.

1992-ல் அதே இருவர் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். இந்த முறை இரும்புச் சத்து. உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பை அளக்க ஃபெரிட்டின் என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். அதே ஹார்மோன் சிகிச்சை எடுத்த பெண்களில், ஃபெரிட்டின் ஒரு லிட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களிடமே பலன் தெளிவாகத் தெரிந்தது. பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் கோடு போடுவது 15-ல். அதாவது பரிசோதனைக் கூடம் நார்மல் என்று எழுதிக் கொடுத்த பெண்ணிடமும் மருந்து வேலை செய்யாமல் போகலாம் என்பது அவர்கள் வாதம். வேர் பிடிக்க மண்ணில் சத்து இல்லாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 40 என்ற எண் பிறகு முடி மருத்துவத்தில் ஒரு வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவின் ராட்னி சின்க்ளேர் 2002-ல், ஃபெரிட்டின் குறைவுக்கும் நாள்பட்ட முடி உதிர்வுக்கும் தெளிவான தொடர்பு இல்லை என்று எழுதினார். 2010-ல் எலிஸ் ஓல்சன் தலைமையிலான அமெரிக்கக் குழுவும் முடி உதிரும் பெண்களிடம் இரும்புக் குறைவு மற்றவர்களைவிட அதிகமாக இல்லை என்று சொன்னது. இதில் வேடிக்கை என்னவென்றால், கருத்தடை வகை மாத்திரைகள் மாதவிடாய் ரத்தப் போக்கைக் குறைப்பதால் இரும்புச் சேமிப்பு கூடத்தான் செய்யும். ஒரு கையால் பி12-ஐக் குறைத்து இன்னொரு கையால் இரும்பைக் கூட்டும் மாத்திரை!

குறைந்தது எண்ணா, சத்தா?

இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். ரத்தத்தில் பி12 குறைந்தால் உடம்பில் பி12 குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

அவசியமில்லை. பி12 ரத்தத்தில் தனியாக ஓடாது; புரதங்களின் முதுகில் ஏறித்தான் பயணம் செய்யும். அதில் பெரும்பகுதி, சுமார் எண்பது சதவீதம், ஹேப்டோகாரின் என்ற புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. ஆனால் உடம்பின் செல்களுக்குள் பி12-ஐக் கொண்டு சேர்ப்பது டிரான்ஸ்கோபாலமின் என்ற வேறொரு புரதம். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடும்போது முதலாவது புரதம் குறைகிறது. பஸ்கள் குறைந்தால் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்த மாதிரி தெரியும்; ஊரில் ஜனத்தொகை குறைந்துவிட்டதாக ஆகாது. மாத்திரை சாப்பிடும் பல பெண்களிடம் பி12 எண் குறைவாக இருந்தும், உண்மையான பற்றாக்குறையில் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலம் ஏறவில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

இதே மாதிரி மற்றவையும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தைக் கூட்டுவதால் ரத்தத்தில் தாமிரம் ஏறுகிறது. வைட்டமின் ஏ-யைச் சுமக்கும் புரதம் கூடுவதால் அதுவும் ஏறுகிறது. அந்தப் பெண் தாமிரமோ கேரட்டோ அதிகம் சாப்பிட்டுவிடவில்லை!

அப்படியென்றால் ராம்சேயும் ரஷ்டனும் சொன்னது தவறா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஒருவருக்கு ஏற்கெனவே பி12 கையிருப்பு நிறைய இருந்தால் இந்த எண் இறங்குவது வெறும் காகிதத்தில்தான். ஏற்கெனவே கையிருப்பு குறைவாக இருப்பவருக்கு, எண் எது உண்மை எது என்று பிரித்துப் பார்க்காமல் விட்டால் ஆபத்து. பி12 இயற்கையாகக் கிடைப்பது மாமிசம், மீன், முட்டை, பால் போன்றவற்றிலிருந்துதான். முழுச் சைவமாக, பாலும் அளவாகச் சாப்பிடும் பெண்கள் அதிகமுள்ள நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு லண்டனில் இருப்பதைவிட எடை அதிகம். முடிக்கு ஹார்மோன் மாத்திரை எழுதும்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பது பெரிய செலவு இல்லை.

இன்னொன்று. சத்துக் குறைவு என்றதும் ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிச் சாப்பிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. பி12 உண்மையிலேயே குறைந்திருந்தால், ஃபோலிக் அமிலம் ரத்தசோகையை மட்டும் சரிசெய்துவிடும். நரம்புகளுக்கு நடக்கும் சேதம் சத்தமில்லாமல் தொடரும். கை கால் மரத்துப்போன பிறகுதான் தெரியும்.

அமெரிக்காவின் வேறு வழி

சைப்ரோட்டிரோனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவே இல்லை. அங்கே மருத்துவர்கள் வேறொரு மருந்தை எடுத்தார்கள். 1953-ல் லண்டனில் சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட் இருவரும் சுவிட்சர்லாந்து வேதியியலாளர்களோடு சேர்ந்து, உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். அதை எதிர்க்கும் ஸ்பைரனோலாக்டோன் 1950-களின் கடைசியில் உருவாகி, 1960-ல் வீக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மருந்தாக வந்தது. அதைச் சாப்பிட்ட ஆண்களில் சிலருக்கு மார்பு பெருத்தது. ஆண் ஹார்மோனையும் இது தடுக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். 1978-ல் முகமுடி வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இது பலன் தந்ததாக ஒரு அறிக்கை வந்தது. பிறகு தலைமுடிக்கும் வந்து சேர்ந்தது.

சின்க்ளேர் குழு 2005-ல் 80 பெண்களை வைத்து இரண்டு மருந்துகளையும் பார்த்தது. 40 பேருக்கு ஸ்பைரனோலாக்டோன், 40 பேருக்கு சைப்ரோட்டிரோன். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. மொத்தத்தில் 44 சதவீதம் பேருக்கு முடி திரும்ப வளர்ந்தது. 44 சதவீதம் பேருக்கு இருந்தபடியே இருந்தது. 12 சதவீதம் பேருக்கு உதிர்வு தொடர்ந்தது. இருப்பதைக் காப்பாற்றுவதே பாதி வெற்றி என்று எடுத்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

ஸ்பைரனோலாக்டோனின் சத்துப் பிரச்சினை பொட்டாசியம். இது சிறுநீரில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே நிறுத்திவிடும். பொட்டாசியம் மிதமிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் வாழைப்பழம் சாப்பிடாதே, இளநீர் குடிக்காதே என்று ஒரு பட்டியலும், அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் பின்தொடர்ந்தன. வயதான இதய நோயாளிகளுக்காக எழுதப்பட்ட எச்சரிக்கை, இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் அப்படியே நகலெடுக்கப்பட்டது. 2015-ல்தான் அமெரிக்காவில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். முகப்பரு போன்றவற்றுக்காக இதைச் சாப்பிட்ட, வேறு நோயில்லாத 974 இளம் பெண்களிடம் எடுத்த 1802 பரிசோதனைகளில் பொட்டாசியம் கூடியிருந்தது 13-ல் மட்டும். அதாவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆரோக்கியமான இளம்பெண் ஒரு வாழைப்பழத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று ஆனது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சில ரத்த அழுத்த மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடுபவர்கள், சோடியம் குறைந்த உப்பு என்ற பெயரில் விற்கும் பொட்டாசியம் உப்பைச் சமையலில் போடுபவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு அந்தப் பழைய எச்சரிக்கை இன்னும் செல்லும்.

பி12 விஷயத்தில் தேவையான பரிசோதனை செய்யப்படவில்லை. பொட்டாசியம் விஷயத்தில் தேவையில்லாத பரிசோதனை பல வருடம் செய்யப்பட்டது. இரண்டும் ஒரே நோயாளிக்காகத்தான்.

சத்து மாத்திரையும் விஷமாகும்

மருந்து சத்தைக் குறைக்கிறது என்று தெரிந்ததும் மனிதர்கள் செய்யும் அடுத்த காரியம் என்ன? அள்ளி அள்ளிச் சாப்பிடுவது. 1983-ல் ஒரு அமெரிக்க இதழில் ஏழு பேரைப் பற்றிய கட்டுரை வந்தது. பி6-ஐ தினமும் 2 முதல் 6 கிராம் வரை சாப்பிட்டு வந்தவர்கள். தேவை ஒன்றிரண்டு மில்லிகிராம்தான்! நரம்புகள் பாதிக்கப்பட்டு அவர்கள் நடக்கவே தள்ளாடினார்கள். 2008-ல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில் தயாரிப்புத் தவறால் செலினியம் குறிப்பிட்ட அளவைவிடச் சுமார் 200 மடங்கு சேர்ந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வந்த அறிகுறி என்ன தெரியுமா? முடி கொட்டியது. வைட்டமின் ஏ அளவு மீறினாலும் இதே கதி.

எல்லாவற்றிலும் விசித்திரமானது பயோட்டின். முடிக்கு நல்லது என்று விற்கப்படும் மாத்திரைகளில் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று இருக்கும். ஒரு நாளைக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம். 10 மில்லிகிராம் என்றால் அதைப் போல 300 மடங்குக்கும் மேல். அதிகப்படியான பயோட்டின் சிறுநீரில் போய்விடும், தீங்கில்லை என்றுதான் பல வருடம் சொன்னார்கள். ஆனால் பரிசோதனைக் கூடங்களில் ஹார்மோன்களை அளக்கும் பல முறைகள் பயோட்டின் ஒட்டும் தன்மையை வைத்தே கட்டப்பட்டவை. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் அளவு தப்பும். சில எண்கள் பொய்யாகக் குறையும், சில எண்கள் பொய்யாகக் கூடும். தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடயால் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. முடி உதிரும் பெண்ணுக்கு முதலில் எழுதும் பரிசோதனைகளே இவைதான்! முடிக்காகச் சாப்பிடும் வைட்டமின், முடி ஏன் போகிறது என்று கண்டுபிடிக்கும் பரிசோதனையையே கெடுக்கிறது. மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் பரிசோதனையும் இதனால் பொய்யாகக் குறையக்கூடும் என்று 2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அப்படித் தவறாகக் குறைந்த ஒரு முடிவுக்குப் பிறகு ஒருவர் இறந்ததையும் அது குறிப்பிட்டது.

இன்றைய நிலை

சைப்ரோட்டிரோனின் கதை பி12-ஐத் தாண்டிப் போய்விட்டது. ரத்தக்கட்டு ஆபத்துக்காக 2013 மே மாதம் பிரான்ஸ் டயான்-35 விற்பனையை நிறுத்தியது. ஐரோப்பிய மருந்து முகமை மறு ஆய்வு செய்து, கடுமையான முகப்பரு, முகமுடி போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றது. 2014 ஜனவரியில் அது மறுபடி விற்பனைக்கு வந்தது. நீண்ட நாள் பெரிய அளவில் சாப்பிட்டவர்களுக்கு மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் வாய்ப்பு கூடுவதைப் பிரெஞ்சு ஆய்வுகள் காட்டியதால், 2020-ல் தினமும் 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. முடி உதிர்வு போன்றவற்றுக்கு, குறைந்த அளவு உட்பட வேறு வழிகள் தோற்ற பிறகே கொடுக்க வேண்டும்.

யாருக்குத்தான் இந்த ஹார்மோன் சிகிச்சை தேவை என்பதற்கும் ஒரு பதில் உண்டு. 2002-ல் பிரான்சில் 66 பெண்களை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். பாதிப்பேருக்குத் தலையில் தடவும் மினாக்சிடில், பாதிப்பேருக்கு சைப்ரோட்டிரோன் சிகிச்சை. முகப்பரு, ஒழுங்கற்ற மாதவிடாய் போல ஆண் ஹார்மோன் மிகுதியின் அடையாளங்கள் இருந்த பெண்களுக்கு சைப்ரோட்டிரோன் மேல். அப்படி எந்த அடையாளமும் இல்லாதவர்களுக்குத் தலையில் தடவிய மருந்தே மேல். பின்னவர்கள் முதலிலிருந்தே அந்த மாத்திரையைத் தொடாமல் இருந்தால் பி12 கேள்வியே எழாது.

எது எழுதப்பட்டாலும், ரத்தம் கொடுக்கப் போகும் முன் பரிசோதனைக் கூடத்தில் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, எந்த ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறோம் என்பது. இரண்டு, முடிக்காக பயோட்டின் சாப்பிடுகிறோமா என்பது. தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாவது பயோட்டினை நிறுத்தச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கம்.